குத்துவது எது என்று பார்க்காமல் டயர் வாங்குவது

சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. வேகமாக ஓடும் டயர் பஞ்சராகும். பஞ்சராகாத டயர் ஓடாது. ஒன்றை எடுத்துக்கொள், மற்றதைப் பொறுத்துக்கொள். ரோடு பைக்கில் தினமும் வேலைக்குப் போகிறவர், குளிர்காலம் பிறந்த இரண்டு வாரத்தில் மூன்று பஞ்சர் பார்த்ததும் இந்தக் கணக்கை நம்பிவிடுகிறார். இருப்பதிலேயே தடித்த டயராகப் பார்த்து மாட்டுகிறார். அதன் பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். பஞ்சர் நின்றுவிடும், ஆனால் வண்டி சேற்றில் போவதுபோல் இழுக்கும். அல்லது வண்டியும் இழுக்கும், பஞ்சரும் நிற்காது. இந்த இரண்டாவது நிலைமைதான் எனக்கு நெடுநாள் உறுத்தல். கணக்கு சரியென்றால் அப்படி நடக்கவே கூடாது.

தடித்த டயர் ஏன் மெதுவாகப் போகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். எடைதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். கையில் தூக்கிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சமதளத்தில் சீரான வேகத்தில் போகும்போது டயரின் எடை கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை. மேடு ஏறும்போதும், சிக்னலில் நின்று கிளம்பும்போதும்தான் அது தெரியும். உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. தரையைத் தொடும் இடத்தில் டயர் தட்டையாகிறது, உருண்டு மேலே போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. 28 மி.மீ. அகல டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.14 மீட்டர். 10 கி.மீ. போவதற்குள் டயரின் ஒவ்வொரு புள்ளியும் 4,600 தடவைக்கு மேல் நசுங்கி நிமிர்ந்திருக்கும். நசுங்கும்போது வாங்கிய சக்தியை ரப்பர் முழுதாகத் திருப்பித் தராது. ஒரு பங்கை வெப்பமாக்கி விழுங்கிவிடும். ரப்பர் எவ்வளவு தடிமனோ, உள்நெசவு எவ்வளவு விறைப்போ, அவ்வளவுக்கு விழுங்கும்.

இதை எண்ணாகவும் பார்க்கலாம். டயர் சுமக்கும் எடையில் எத்தனை பங்கு எதிர்விசையாக இழுக்கிறது என்பதே உருளல் தடைக் கெழு. நல்ல வேக டயருக்கு அது 0.004 பக்கம் இருக்கும். தடித்த காப்புப் பட்டை வைத்த டயருக்கு 0.008 பக்கம் போகும். ஆள், வண்டி, பை எல்லாம் சேர்ந்து 85 கிலோ, வேகம் மணிக்கு 28 கி.மீ. என்றால், முதல் டயருக்கு 26 வாட் செலவாகும், இரண்டாவதுக்கு 52 வாட். அதே உழைப்பில் 28 கி.மீ. வேகம் 26 ஆகக் குறையும். 15 கி.மீ. பயணத்தில் இது இரண்டரை நிமிடம். விரல் மரத்துப்போன குளிரில் டியூப் மாற்றப் பதினைந்து நிமிடமாவது ஆகும். ஆக, ஆறு பயணத்துக்கு ஒரு பஞ்சர் என்றால்தான் தடித்த டயர் நேரக் கணக்கில் சமன் ஆகிறது. மாதத்துக்கு ஒரு பஞ்சர்தான் என்றால் வேக டயரே லாபம். ஆனால் சைக்கிள் மேல் போகிற பதினைந்து நிமிடமும், இருட்டில் மழையில் சாலையோரம் குந்தியிருக்கிற பதினைந்து நிமிடமும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் எந்த வாட் கணக்கிலும் வராது. அதனால்தான் ஆட்கள் தடித்த டயர் வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஓட்டையைப் படிப்பது

பழைய கணக்கு எங்கே பிசகுகிறது என்பது டியூபை எடுத்துப் பார்த்தால் புரியும். பஞ்சர் என்ற ஒரே சொல்லை நாம் ஐந்தாறு வேறு வேறு கோளாறுகளுக்கு வைத்திருக்கிறோம். பெரும்பாலானோர் டியூபை மாற்றிவிட்டு, ஓட்டையான டியூபைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சுருட்டிய டியூபில்தான் அடுத்து எந்த டயர் வாங்க வேண்டும் என்ற தகவல் முழுவதும் இருக்கிறது.

இதற்கு ஒரு சின்ன முன்னேற்பாடு வேண்டும். டயரை மாட்டும்போதே அதன் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டிவிடுங்கள். அழகுக்காக அல்ல. டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறதோ, டயரிலும் பெயரிலிருந்து அதே தூரத்தில்தான் குற்றவாளி இருக்கும். டியூபைக் கழற்றும்போது எந்தப் பக்கம் செயின் பக்கம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் தேட வேண்டியது ஒரே இடம். இல்லாவிட்டால் இரண்டு இடம், அதுவும் மோசமில்லை. பிறகு டியூபை இரண்டு மடங்கு பருக்கும்வரை காற்றடித்து, ஈரமான உதட்டருகே மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தால் ஊசிமுனை ஓட்டைகூடத் தெரிந்துவிடும்.

இனி ஓட்டையின் வடிவம். இரண்டு கீறல்கள் பக்கம் பக்கமாக, பாம்பு கடித்ததுபோல் இருந்தால் எதுவும் குத்தவில்லை. குழியின் விளிம்பில் டயர் முழுக்க நசுங்கி, டியூபை ரிம்மோடு வைத்துக் கடித்திருக்கிறது. உலகத்திலேயே வலுவான காப்புப் பட்டை போட்ட டயரிலும் இது நடக்கும். ஓட்டை டியூபின் உள்வட்டத்தில், அதாவது ரிம் பக்கம் இருந்தால், ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் ரிம் டேப் நகர்ந்து, துளையின் ஓரம் வெட்டுகிறது. ஒரு துண்டு டேப்பில் தீர்கிற விஷயம். வால்வின் அடியில் கிழிசல் என்றால் பம்ப்பை வளைத்துப் பிடித்து அடிக்கிற பழக்கம். இவை மூன்றுக்கும் புது டயர் வாங்குவது வீண்செலவு. வண்டியும் இழுத்து, பஞ்சரும் நிற்காதவர்களில் பலர் இங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மிச்சமிருப்பது வெளியிலிருந்து வந்தவை. அதிலும் இரண்டு சாதி. சின்னக் கீறல் போன்ற வெட்டு என்றால் கண்ணாடிச் சில்லு அல்லது கூர்மையான கல். கண்ணுக்கே தெரியாத ஒற்றைப் புள்ளி என்றால் முள் அல்லது கம்பி. வேலைக்குப் போகிற வழி பெரிய சாலையாக இருந்தால் பெரும்பாலும் கம்பிதான். லாரி டயர்களின் உள்ளே எஃகு இழைகள் உண்டு. டயர் வெடித்துச் சிதறும்போது அவை தலைமுடி அளவுத் துண்டுகளாகச் சாலையோரம் கிடக்கும். சைக்கிள் டயரில் ஏறினால் வெளியே இருந்து பார்த்தால் தெரியாது, உள்ளே விரலால் தடவினாலும் சில சமயம் அகப்படாது. டயரை உட்புறம் வெளியே வருமாறு மடித்து, பஞ்சை எடுத்து மெதுவாகத் துடைத்துக்கொண்டே போனால் பஞ்சின் இழை ஒரு இடத்தில் மாட்டும். அங்கே இருக்கும். ட்வீசர் இல்லாமல் பிடுங்க வராது. அதை எடுக்காமல் டியூப் மாற்றினால் மறுநாள் காலை டயர் தட்டையாகக் கிடக்கும். டியூப் மட்டம் என்று பழி டியூப் மேல் விழும்.

வலுவும் தடிமனும் ஒன்றல்ல

கண்ணாடி, கம்பி இரண்டுக்கும் தீர்வு ஒன்றே என்று நினைப்பதில்தான் மொத்தக் குழப்பமும் இருக்கிறது. கண்ணாடி வெட்டுகிறது. வெட்டுவதைத் தடுக்க அறுபடாத இழை வேண்டும். கான்டினென்டல் நிறுவனம் தன் உயர்ந்த ரக டயர்களில் வைக்கும் வெக்ட்ரான் அப்படிப்பட்ட இழை. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் காற்றுப் பைகளும் இந்த இழையில் நெய்தவைதான். மெல்லிய துணியாக நெய்து ரப்பருக்கு அடியில் வைத்தால் போதும். தடிமன் கூடுவதில்லை, அதனால் வேகமும் பெரிதாகக் குறைவதில்லை. கம்பியின் சங்கதி வேறு. அது எதையும் அறுப்பதில்லை. நெசவின் இழைகளை விலக்கிக்கொண்டு நடுவில் நுழைகிறது, தையல் ஊசி துணிக்குள் போவதுபோல. இழை எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை. கம்பியைத் தடுப்பது தூரம் மட்டுமே. கம்பியின் நீளத்தைவிட டயரின் மேற்பரப்பிலிருந்து டியூப் வரை உள்ள தடிமன் அதிகமாக இருக்க வேண்டும். ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரில் 5 மி.மீ. தடிமனுக்கு ஒரு ரப்பர் பட்டை இருப்பது இதற்காகத்தான். அது வேலை செய்கிறது. ஆனால் அந்த 5 மி.மீ. ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர வேண்டும். அதற்கான விலைதான் மேலே பார்த்த வாட் கணக்கு. எடையும் 28 மி.மீ. அளவிலேயே ஒரு டயருக்கு 700 கிராமைத் தாண்டிவிடும்.

ஆகவே பழைய கணக்கு பாதிதான் உண்மை. முள்ளும் கம்பியும் நிறைந்த பாதையில், டியூப் வைத்த டயரில், வேகத்தையும் காப்பையும் சேர்த்துப் பெற முடியாது. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். கண்ணாடியும் கூர்கல்லும்தான் தொல்லை என்றால் இரண்டையும் ஓரளவு சேர்த்தே பெறலாம். நசுங்கித்தான் பஞ்சராகிறது என்றால் வேகமான டயரை இன்னும் அகலமாக வாங்கினாலே போதும். டயர் பெட்டியில் பஞ்சர் காப்பு என்று ஐந்து நட்சத்திரத்தில் நாலரை போட்டிருப்பார்கள். எந்தப் பஞ்சருக்கு என்று அதில் இருக்காது.

டிபிஐ பற்றி ஒரு வார்த்தை, அதை வைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால். ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதே இந்த எண். கூடக் கூட இழை மெல்லியது, டயர் நெகிழ்வானது, வேகமானது, பக்கச்சுவர் அவ்வளவுக்கு மென்மையானது. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. கான்டினென்டல் மூன்று அடுக்கையும் கூட்டி 330 என்று போடும். ஓர் அடுக்குக்கு அது 110தான். வேறு நிறுவனத்தின் 120ஐ அதோடு ஒப்பிட்டு எது மேல் என்று பார்ப்பதில் அர்த்தமில்லை.

குளிர்காலம் டயருக்கு என்ன செய்கிறது

வெயில் காலத்தில் ஒரு பஞ்சரும் இல்லாமல் ஓடிய அதே டயர், அதே பாதை, நவம்பரில் ஏன் வாராவாரம் காற்று இறங்குகிறது? முதல் காரணம் தண்ணீர். ரப்பரைக் கத்தியால் வெட்டிப் பழக்கமுள்ளவர்கள் கத்தியை நனைத்துக்கொள்வார்கள். காய்ந்த ரப்பர் கத்தியைப் பிடித்துக்கொள்ளும், ஈர ரப்பர் வழுக்கி வழிவிடும். கண்ணாடிச் சில்லுக்கும் அதே சலுகை கிடைக்கிறது. மழைநீர் சாலையின் நடுவில் கிடந்த சில்லுகளையெல்லாம் ஓரத்துக்கு, சைக்கிள் போகிற இடத்துக்கே, அடித்துக்கொண்டு வந்து சேர்க்கிறது. ஈர டயரில் அவை ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து தரையில் அழுந்துகின்றன. முன் டயர் கிளப்பிவிட்டதைப் பின் டயர் வாங்கிக்கொள்கிறது. எடையில் பெரும்பங்கும் பின்னால்தான். பின் டயரில் பஞ்சர் அதிகம் வருவது இதனால்.

இரண்டாவது, குளிர் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. 20 டிகிரி உள்ள அறையில் 70 பிஎஸ்ஐ அடித்து வைத்த டயர், 0 டிகிரி சாலைக்கு வந்ததும் 64க்கு இறங்கிவிடும். பம்ப்பில் குற்றமில்லை. அத்தோடு பியூட்டைல் என்ற ரப்பரில் செய்த வழக்கமான டியூபும் வாரத்துக்குச் சில பிஎஸ்ஐ இழக்கும். மாதம் ஒருமுறை காற்றடிக்கிறவருக்குப் பாம்புக்கடி பஞ்சர் வருவதில் ஆச்சரியம் என்ன?

மூன்றாவது பிடிமானம். என்னைக் கேட்டால் இதுதான் பஞ்சரைவிட முக்கியம். குளிரில் ரப்பர் விறைக்கும். உருளல் தடை கூடும், பிடிமானம் குறையும். நீண்ட நாள் தேயாமல் உழைக்க வேண்டும் என்று செய்த கெட்டி ரப்பர் இதில் முதலில் தோற்கும். பஞ்சரே ஆகாத டயர் ஈரமான வெள்ளைக் கோட்டிலோ இரும்பு மூடியிலோ வழுக்கினால் மிச்சமாவது டியூப், போவது தோள் எலும்பு. ஈரத்துக்கு என்று சிலிக்கா சேர்த்த மென்மையான கலவை வேண்டும். அது சீக்கிரம் தேயும், தேயட்டும். ஆனால் மேற்பரப்பில் வெட்டு வெட்டாகக் கோலம் போட்ட டயர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்பது கார் டயரிலிருந்து வந்த நினைப்பு. கார் டயர் அகலம், அழுத்தம் குறைவு. நீரின் மேல் மிதக்கும். மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. விமானச் சக்கரங்களுக்காகக் கண்ட சூத்திரத்தில் 64 பிஎஸ்ஐ போட்டால் மணிக்கு 133 கி.மீ. வருகிறது. சைக்கிள் டயர் குறுகலானது, வளைவானது, ஆகவே இன்னும் பத்திரம். தார்ச் சாலையில் வழவழப்பான டயரே போதும். கோலத்தின் பள்ளங்கள் கல்லைப் பொறுக்கி வைத்துக்கொள்ளத்தான் உதவும்.

உறைபனி படர்ந்த சாலைக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. பனிக்கட்டி மேல் எந்த ரப்பரும் நிற்காது. டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயர்தான் வழி. அதைப் போட்டால் முதல் 40, 50 கி.மீ. சாலையில் முரட்டு பிரேக் இல்லாமல் நிதானமாக ஓட்டி ஆணிகளைப் படியவிட வேண்டும். வேகம் என்ற சொல்லையும் அந்த நாட்களுக்கு மறந்துவிடலாம்.

அகலமும் காற்றும்

டயர் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான் என்பேன்: ஃபிரேமும் பிரேக்கும் விடுகிற அளவுக்கு அகலமாகப் போங்கள். 23க்குப் பதில் 28, இடமிருந்தால் 30, 32. அகல டயரை அழுத்தம் குறைத்து ஓட்டலாம். கரடுமுரடான சாலையில் அதுவே வேகமும்கூட, ஏனென்றால் அதிர்ச்சியை டயர் வாங்கிக்கொள்கிறது, ஆளைத் தூக்கிப் போடுவதில்லை. சில்லின் மேல் ஏறும்போது மென்மையான டயர் அதைச் சுற்றி வளைந்துகொடுக்கும். கல்லாக இறுகிய டயரில் அது நேராக உள்ளே இறங்கும். மொத்தம் 85 கிலோவுக்கு 28 மி.மீ. டயரில் பின்னால் 70, முன்னால் 65 பிஎஸ்ஐ தொடங்க நல்ல இடம். 32 என்றால் 58, 53 போதும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது தாங்கும் எல்லை, அடிக்க வேண்டிய அளவு அல்ல. உள்விளிம்பில் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம்மாக இருந்தால் 73 பிஎஸ்ஐக்கு மேல் போகவே கூடாது. அந்த ரிம்மோடு பொருந்தும் டயர்தானா என்றும் பார்த்தே வாங்க வேண்டும்.

மட்கார்டு போட்ட வண்டியில் இங்கே ஒரு தகராறு வரும். பழைய ரோடு பைக்கின் 39–49 மி.மீ. பிரேக்கில் (பிரேக்கை மாட்டும் போல்ட்டிலிருந்து பிரேக் கட்டை வரை உள்ள தூரம் இது) 28 மி.மீ. டயரும் மட்கார்டும் சேர்ந்து நுழைவது கஷ்டம். 47–57 அளவு பிரேக் என்றால் நுழையும். டயரின் பெயரளவை நம்பி வாங்காதீர்கள். அகலமான ரிம்மில் 28 என்று எழுதியது 30 வரைகூட விரியும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைகிற இடம் இல்லாவிட்டால் ஒட்டிவந்த கல் அங்கே சிக்கி மட்கார்டையே இழுத்துக்கொண்டு சுற்றும்.

எதை வாங்குவது

கண்ணாடி, கூர்கல் வெட்டுகள்தான் பெரும்பாலும் என்றால், கான்டினென்டல் கிராண்ட் பிரி 4 சீசன் நெடுநாளாக உழைத்த பதில். வெக்ட்ரான் இரண்டு அடுக்கு, பக்கச்சுவரில் தனிக் காப்பு நெசவு, ஈரத்துக்கான கலவை. வேகத்தில் பந்தய டயருக்கும் தடித்த டயருக்கும் நடுவில் இருக்கும். அதே நிறுவனம் 2023இல் விட்ட கிராண்ட் பிரி 5000 ஏஎஸ் டிஆர், டியூப் இல்லாமலும் ஓடும் வகை, அதைவிட வேகம். சாதாரண கிராண்ட் பிரி 5000 இன்னும் வேகம்தான், ஆனால் குழிகளும் கல்லும் உள்ள வழிக்கு அதன் பக்கச்சுவர் மெல்லிசு. அவர்களின் கேட்டர்ஸ்கின் டயர் வெட்டுக்கு நன்றாகத் தாங்கும், நெடுநாள் உழைக்கும். ஈரச் சாலைக்கு நான் சொல்ல மாட்டேன். கம்பியும் முள்ளும் வாராவாரம் வருகிறதென்றால் மாரத்தான் பிளஸ் வகையறாவைத் தயங்காமல் வாங்குங்கள். இல்லையென்றால் அதைப் பின்னால் மட்டும் போட்டு, முன்னால் பிடிமானமுள்ள மென்மையான டயர் போடலாம். பார்க்கப் பொருத்தமில்லாவிட்டாலும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் பட்டை கம்பியைத் தடுக்கும். ஆனால் அதன் நுனி டியூபை உரசி ஓட்டை போடும் என்பதால் நுனியைத் தேய்த்து மெலிதாக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

டியூப்லெஸ் பற்றிக் கேட்பார்கள். கம்பிக்கும் முள்ளுக்கும் தடிமன் இல்லாமல் கிடைக்கிற ஒரே மருந்து அதுதான்: தடுப்பதில்லை, நுழைந்தபின் அடைக்கிறது. டயருக்கு 40 முதல் 60 மி.லி. சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், ஊற்ற வேண்டும். அழுத்தம் 60 பிஎஸ்ஐக்குக் கீழே இருந்தால் நன்றாக அடைக்கும். மேலே போகப் போக, அடைவதற்குள் பீய்ச்சி வெளியேறிவிடும். 23, 25 மி.மீ. டயரில் பலருக்கு அது கைகொடுக்காதது இதனால்தான். 30, 32 என்றால் தாராளமாகப் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்ற வேண்டும். இந்தப் பராமரிப்பு ஒத்துவராதவர்கள் டியூபோடு இருப்பதே நல்லது. காய்ந்த சீலன்ட் உள்ள டயர் வெறும் மெல்லிய டயர்.

எந்த டயரானாலும் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இதை மரத்த விரலால் ரிம்மில் ஏற்ற முடியுமா? சில டயர், சில ரிம் ஜோடி அவ்வளவு இறுக்கம். வீட்டில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளிக்கொண்டே வந்து வால்வில் முடித்தால் இடம் கிடைக்கும். வால்வில் தொடங்கினால் அங்கே விளிம்பு பள்ளத்தில் இறங்காது, கடைசி ஒரு சாண் ஏறவே ஏறாது.

மிச்சம் வாரம் ஐந்து நிமிட வேலை. சில்லு உடனே டியூபை எட்டுவதில்லை. ரப்பரில் தங்கி, சுற்றுக்குச் சுற்று உள்ளே நகர்ந்து, சில நாள் கழித்துத்தான் எட்டும். காற்றைப் பாதி இறக்கி, டயரை விரலால் அமுக்கிச் சுற்றி வந்தால் வெட்டுகள் வாய் திறக்கும். ஊசியால் நெம்பி எடுத்துவிடலாம். 4 மி.மீ.க்கு மேல் வெட்டு, அல்லது உள்நெசவு தெரிகிறது என்றால் டயர் போக வேண்டிய நேரம். பின் டயர் தேய்ந்தால் முன்னதைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுங்கள். தேய்ந்ததை முன்னுக்குக் கொண்டுவரவே கூடாது. முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரம் கிடைக்காது. மழையில் பேட்ச் ஒட்டாது, ஆகவே இரண்டு டியூப் கையில் வேண்டும். அவற்றைப் பையில் டயர் லீவரோடு சும்மா போட்டு வைத்தால் மாதக்கணக்கில் உரசி, எடுக்கும்போது ஓட்டையோடு வரும். ஒரு ஜோடி மெல்லிய ரப்பர் கையுறைக்குள் சுருட்டி வையுங்கள். மாற்றும்போது கையுறையும் தேவைப்படும்.